பின்விளக்கு: எவ்வளவு வெளிச்சம் போதும்?

நம்மூர்ச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெரிய சைக்கிளின் பின் மட்கார்டில், கீழ்நுனியை ஒட்டி ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். பழைய வண்டியானால் சேறும் துருவும் ஏறி மங்கியிருக்கும், ஆனாலும் தெரியும். அலங்காரத்துக்காக வந்ததல்ல அது. பின்னால் வரும் மோட்டார் வண்டியின் கண்ணில் இருட்டிலும் சைக்கிள் படவேண்டும் என்று, 1930-களில் பிரிட்டன் பின் மட்கார்டில் வெள்ளைப் பரப்பு இருப்பதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டு வண்டியை மாதிரியாக வைத்து இங்கே தொழிற்சாலைகள் சைக்கிள் செய்யத் தொடங்கியபோது பூச்சும் கூடவே வந்துவிட்டது.

ஒரு விளக்கை மாட்டச் சொல்லாமல் ஏன் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள்? பின்விளக்கைக் கட்டாயமாக்க அங்கே பலமான எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்கள் சைக்கிள் ஓட்டுபவர்கள்தாம். 1878-இல் தொடங்கிய சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் இதில் முன்னணியில் நின்றது. 1920 முதல் 1945 வரை அதன் செயலாளராக இருந்த ஜி.எச். ஸ்டான்சர், சைக்கிள்காரர்களின் சாலை உரிமையில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். அவர்களின் வாதம் இதுதான்: முன்னால் போகிறவர்மீது மோதாமல் ஓட்டவேண்டியது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. தன் ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள் நிறுத்தமுடியாத வேகத்தில் ஒருவர் வந்தால் தவறு அவருடையது. பின்விளக்கைச் சட்டமாக்கினால் பழி இடம் மாறிவிடும். அன்றைய எண்ணெய் விளக்கு காற்றில் அணையும். முதுகுக்குப் பின்னால் அணைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அடிபட்டுக் கிடப்பவனிடமே, “உன் விளக்கு ஏன் எரியவில்லை?” என்று கேட்பார்கள்.

இந்த வாதத்தை மதிக்கிறேன். பழி இடம் மாறும் என்ற அச்சம் பொய்க்கவில்லை என்பதை இன்றைய விபத்துச் செய்திகளைப் படிக்கிற எவரும் அறிவர். ஆனால் அந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. தவறு யாருடையது என்பது மோதலுக்குப் பின் வரும் கேள்வி. மோதலே நிகழாமல் தடுக்க, ஓட்டுநரின் கண்ணுக்கு ஏதாவது எட்டியாக வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே பின்விளக்கு தற்காலிகமாகக் கட்டாயமாகி, போர் முடிந்ததும் தளர்ந்தது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கோ ரிஃப்ளெக்டரோ ஏதாவது ஒன்று போதும் என்றது. இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்பு அந்தச் சமரசத்துக்கு முடிவு கட்டியது. தெருவிளக்கில்லை, ஹெட்லைட்டுகளுக்கு மூடி. 1941-இல் பிரிட்டன் சாலைகளில் 9,169 பேர் இறந்தார்கள். அந்நாட்டுப் பதிவுகளில் அதைவிட மோசமான ஆண்டு இல்லை. போர்க்கால ஆணையாக வந்த சைக்கிள் பின்விளக்கு, 1945-இல் நிரந்தரச் சட்டமாயிற்று.

விளக்கு வேண்டுமா என்ற சண்டை அத்தோடு ஓய்ந்தது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்வி எல்.இ.டி. வந்தபிறகுதான் சூடுபிடித்தது. பழைய பல்பில் மங்கலான விளக்கைத்தான் செய்யமுடியும். இன்று கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பின்விளக்கு காரின் பிரேக் விளக்குக்குச் சமமாக எரிகிறது. வெளிச்சம் கூடக்கூடப் பாதுகாப்பு என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள், வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள். இரவைப் பொறுத்தவரை இது சரியல்ல என்பது என் துணிபு. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

கடைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது லூமன். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளி அது. பின்னால் வருகிறவரின் கண்ணுக்கு வேண்டியது அவர் இருக்கும் திசையில் பாயும் செறிவு. அதன் அலகு கேண்டெலா. ஒரு மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1 கேண்டெலா. அந்த ஒளி தொலைவில் ஒரு பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். கேண்டெலாவைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். ஒரே 10 லூமன் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளியைப் பின்புறம் முழுவதும் அரைக்கோளமாகப் பரப்பினால் 1.6 கேண்டெலா. அதே ஒளியை ஒரு லென்ஸ் 10 டிகிரிக் கூம்புக்குள் அடைத்தால் 400 கேண்டெலாவைத் தாண்டும். பெட்டியில் இரண்டுக்கும் எண் ஒன்றே. லூமனைப் பார்த்து விளக்கு வாங்குவதில் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி, 4 கேண்டெலா விளக்கு இரவில் எவ்வளவு தூரம் தெரியும்? கலங்கரை விளக்கங்களுக்கான சர்வதேசக் கணக்கில் ஓர் அளவுகோல் உண்டு. இருண்ட பின்னணியில் கண்ணில் 0.2 மைக்ரோலக்ஸ் விழுந்தால் விளக்கு தெரியும். பின்னால் ஊர் வெளிச்சம் பலமாக இருந்தால் அதைப்போல் 100 மடங்கு வேண்டும். முதல் கணக்கில் 4 கேண்டெலா நாலரைக் கிலோமீட்டர் வரை தெரியும். ஊர் வெளிச்சத்துக்கு நடுவில் 450 மீட்டர். இது விளக்கைத் தேடிக்கொண்டே வரும் மாலுமிக்கான கணக்கு. கார் ஓட்டுகிறவர் சைக்கிளைத் தேடுவதில்லை. அதற்காக இன்னும் 10 மடங்கு கூட்டிக்கொண்டாலும் 140 மீட்டர் வருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். சுதாரிக்க 2 வினாடி, பிறகு பிரேக் என்று எடுத்தால் 95 மீட்டர் வாக்கில் நிற்கும். ஆகவே நாலு மெழுகுவர்த்தி அளவுள்ள சிவப்பு விளக்கு, தெருவிளக்குகளும் கடை விளக்குகளும் எரியும் ஊருக்குள்ளும் தன் வேலையைச் செய்துவிடும்.

கார்களுக்கான ஐ.நா. விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது. நீண்ட காலம் அது காரின் பின்விளக்குக்கு வைத்திருந்த வரம்பு 4 முதல் 12 கேண்டெலா வரை. பின்னால் மேல்வரம்பு 17 ஆனது. பிரேக் விளக்குக்குத்தான் 60-இல் தொடக்கம். ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு 12 போதும் என்றால், சைக்கிளுக்கு 200 எதற்கு?

பகலுக்காக என்று பதில் வரும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரிய 0.001 லக்ஸ் தேவை. தெளிந்த இரவைவிட 5,000 மடங்கு. அந்தக் கணக்கில் 4 கேண்டெலா விளக்கு, தேடுகிறவருக்கே 63 மீட்டரில்தான் தெரியும். தேடாதவருக்கு 20 மீட்டர். 100 கேண்டெலா விளக்கானால் தேடாதவருக்கும் 100 மீட்டர். ஆக, பகலுக்கென்று செய்த விளக்கு வேறு, இரவுக்கென்று செய்த விளக்கு வேறு. ஒரே விளக்கை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு, அந்தி சாய்ந்தபிறகும் பகல் அளவிலேயே எரியவிடுவதுதான் கோளாறு.

கோளாறு யாருக்கு என்பதையும் பார்க்கவேண்டும். 30 மீட்டர் பின்னால் வரும் காருக்கு 100 கேண்டெலா பெரிய தொல்லையில்லை, 0.1 லக்ஸ்தான் விழும். சிக்னலிலும் நெரிசலிலும் 5 மீட்டர் பின்னால் வரும் இன்னொரு சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் விழுவது 4 லக்ஸ். முழுநிலவு கால் லக்ஸ்தான் தரும் என்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குள் நுழையும் கூசொளி சிதறி, பார்வைமீது ஒரு திரைபோல் படியும். அந்தத் திரையின் பிரகாசத்தைக் கணக்கிட ஸ்டைல்ஸ்–ஹாலடே சூத்திரம் இருக்கிறது: கண்ணில் விழும் லக்ஸைப் பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகியிருக்கும் கோணத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். 3 டிகிரி விலகலில் 4 லக்ஸ் உண்டாக்கும் திரை சதுர மீட்டருக்கு 4.4 கேண்டெலா. நல்ல தெருவிளக்கின் கீழ்கூடச் சாலைப் பரப்பின் பிரகாசம் 1 அல்லது 2-க்குள்தான் இருக்கும். சாலையைவிடத் திரை பிரகாசமானால், பள்ளமும் வேகத்தடையும் குறுக்கே வரும் நாயும் அதற்குள் மறைந்துபோகும். அதே இடத்தில் 4 கேண்டெலா விளக்கு உண்டாக்கும் திரை 0.2-க்கும் குறைவு. தன் பாதுகாப்புக்காக ஒருவர் மாட்டிய விளக்கு, அவரைப்போலவே இரண்டு சக்கரத்தில் வரும் இன்னொருவரின் பார்வையைப் பறிக்கிறது. இதைத் தனிமனிதப் பண்பு என்று விட்டுவிட முடியாது. சட்டம் தலையிடவேண்டிய இடம் இது.

ஜெர்மனி தலையிட்டது. அங்கே சாலைப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 67-ஆம் பிரிவு சைக்கிள் விளக்குக்கென்றே எழுதியது. ஃபிளென்ஸ்புர்க் நகரிலுள்ள கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தின் சான்று முத்திரை விளக்கின்மேல் இருக்கவேண்டும்: ஒரு அலைக்கோடு, ‘கே’ எழுத்து, ஓர் எண். பின்விளக்கு தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் இருக்கக்கூடாது. மினுக்கக்கூடாது. பிரேக் பிடித்தால் கூடுதலாக எரியும் வசதியை 2017-இல் அனுமதித்தார்கள். ஒளிச்செறிவுக்குக் கீழ்வரம்பு மட்டுமல்ல, மேல்வரம்பும் வைத்தது இதில் சிறப்பு.

ஆனால் அதே ஜெர்மனி ஒரு விஷயத்தில் வெகுகாலம் பிடிவாதமாக இருந்தது. டைனமோதான் வேண்டும், பேட்டரி விளக்கு மட்டும் வைத்தால் சட்டப்படி செல்லாது என்ற நிலை 2013 வரை நீடித்தது. இலேசான பந்தய சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. அந்த 6 வோல்ட், 3 வாட் டைனமோவை நம் ஊரிலும் பலர் கண்டிருப்பார்கள்: டயரின் பக்கவாட்டில் உருளையை அழுத்திவிட்டால் உறுமிக்கொண்டே சுழலும், மிதி கனக்கும், மேட்டில் வேகம் குறைந்தால் வெளிச்சம் சுருங்கும். முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்பது பங்கீடு. முன் பல்பு போய்விட்டால் மின்னழுத்தம் முழுவதும் பின் பல்பின்மேல் ஏறி அதுவும் கருகும். ஓட்டுகிறவருக்கு முன்னால் இருட்டானது தெரியும். பின்னாலும் இருட்டாகிவிட்டது தெரியாது. மழையில் உருளை வழுக்கும். வண்டி நின்றால் விளக்கும் நிற்கும். வலப்பக்கம் திரும்பச் சாலை நடுவில் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் பின்விளக்கு உயிர்காக்கும். பிறகு வந்த மின்தேக்கி, நின்றபின்னும் சில நிமிடம் எரியவைத்து இந்தக் குறையைத் தீர்த்தது. சக்கர அச்சுக்குள்ளேயே அடங்கிய டைனமோ வழுக்கலைத் தீர்த்தது. இன்று இவை இரண்டும் சேர்ந்த எல்.இ.டி. பின்விளக்கு, சைக்கிளுக்கு இதுவரை செய்த விளக்குகளில் ஆகச் சிறந்தது என்பேன்: அணைக்கவே வேண்டாம், சார்ஜ் போடவேண்டாம், யார் கண்ணையும் கூசவைக்காது.

பிரிட்டன் எதிர்த்திசையில் போயிற்று. 1989-ஆம் ஆண்டு வாகன விளக்கு ஒழுங்குமுறைகளின்படி, நிலையாக எரியும் பின்விளக்குக்குப் பிரிட்டிஷ் தரமுத்திரையோ அதற்கு ஈடான ஐரோப்பியத் தரமோ வேண்டும். 2005-இல் மினுக்கும் விளக்கையும் அனுமதித்தார்கள். நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை மினுக்கவேண்டும், குறைந்தது 4 கேண்டெலா இருக்கவேண்டும், மேல்வரம்பு கிடையாது. விளைவு விபரீதமானது. முத்திரை பெறாத அருமையான நிலைவிளக்கு சட்டத்துக்குப் புறம்பு. கண்ணைக் குத்தும் மினுக்கு விளக்கு சட்டப்படி சரி.

மினுக்கல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கண்ணை இழுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பகலில் அது நன்மை. இரவில் வேறு கதை. பிளாண்டெல், ரே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1911 வாக்கிலேயே மின்னும் ஒளியின் பயன் அளவை ஆராய்ந்தார்கள். அவர்களின் சூத்திரப்படி, பார்வையின் எல்லையில், பத்தில் ஒரு வினாடி மட்டும் எரியும் 100 கேண்டெலா விளக்கு, நிலையாக எரியும் 33 கேண்டெலாவுக்குத்தான் சமம். அதோடு, மின்னலுக்கும் மின்னலுக்கும் இடையில் அரை வினாடி இருட்டு இருந்தால், 80 கிலோமீட்டரில் வரும் கார் அதற்குள் 11 மீட்டர் நகர்ந்துவிடும். விளக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை ஓட்டுநரின் கண் தொடர்ந்து அளக்க வழியில்லை. 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணத்தில் மினுக்கும் பின்விளக்குக்குத் தடை. இரவெல்லாம் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுகிறவர்கள் வைத்த விதி அது.

இதுவரை சொன்னது விளக்கு தெரிவதைப் பற்றி. தெரிந்தது சைக்கிள் என்று புரிவது வேறு. இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளிக்குத் தொலைவு கிடையாது. அருகிலுள்ள சைக்கிளாகவும் இருக்கலாம், வெகுதொலைவில் போகும் ஸ்கூட்டராகவும் இருக்கலாம். எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் இந்தக் குழப்பம் தீராது. தீர்ப்பது அசைவு. உப்சாலாவைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து இருட்டில் நடக்கவிட்டால், பார்க்கிறவர்கள் நொடியில் ‘மனிதர்’ என்று கண்டுகொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் இதையே இரவில் மூடிய ஓட்டப்பாதையில் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒளி திருப்பும் மேலங்கி மட்டும் அணிந்த சைக்கிள்காரரை அடையாளம் கண்ட ஓட்டுநர்கள் 50 விழுக்காடு. கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை சேர்த்துக் கட்டியபோது 90 விழுக்காடு. மேலும் கீழும் போய்வரும் இரண்டு கால்கள், எந்த எல்.இ.டி.யும் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றன. பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டரை 1985-க்குப் பிந்தைய சைக்கிள்களுக்குக் கட்டாயமாக்கிய பிரிட்டிஷ் விதி, இந்த வகையில் மிகச் சரியானது.

விளக்கு உண்மையில் விபத்தைக் குறைக்கிறதா? டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 2004-இலிருந்து ஓராண்டு நடந்த சோதனை இதற்குக் கிடைத்த நல்ல விடை. 3,845 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குச் சக்கரக் கம்பியிலுள்ள காந்தத்தால் எரியும் விளக்கைக் கொடுத்தார்கள். ஸ்விட்ச் இல்லை, சக்கரம் சுற்றினால் இரவும் பகலும் எரியும். காயம் ஏற்பட்ட விபத்துகள் விளக்கு பெற்றவர்களிடம் 19 விழுக்காடு குறைவு. மற்றொருவருடன் மோதிய விபத்துகள் 47 விழுக்காடு குறைவு. விபத்துகளை ஓட்டுகிறவர்களே பதிந்தார்கள் என்பதால், விளக்கு பெற்றவர்கள் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆய்வாளர்களும் அதைக் கருத்தில் கொண்டார்கள். இருந்தாலும் போக்கு தெளிவு. அந்த விளக்குகள் பிரமாதமான வெளிச்சம் தருபவை அல்ல. மறக்காமல் எரிந்தன; பயன் அதில்தான்.

அமெரிக்கா விளக்கையே விட்டுவிட்டு ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டது. 1970-களில் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், விற்பனைக்கு வரும் சைக்கிளில் முன், பின், பெடல், சக்கரம் எங்கும் ரிஃப்ளெக்டர் வைக்கச் சொன்னது, விளக்கு கேட்கவில்லை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஃபாரெஸ்டர் நீதிமன்றம் வரை போனார். ரிஃப்ளெக்டர் போதும் என்ற எண்ணத்தை மக்கள் மனத்தில் விதைப்பது ஆபத்து என்பது அவர் வாதம். சில விதிகள் 1977-இல் ரத்தாயின, ரிஃப்ளெக்டர் தப்பியது.

இந்தியாவும் அந்த வழியில்தான் நிற்கிறது. 2020-இல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியம், மலிவான, ஒளி திருப்பாத சிவப்பு பிளாஸ்டிக் துண்டுகளை அது ஒழிக்கும். ஆனால் ரிஃப்ளெக்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் அதன் எல்லை புரியும். உள்ளே நுண்ணிய முப்பட்டை மூலைகள், வந்த ஒளியை வந்த வழியே திருப்புகின்றன. அதாவது ஹெட்லைட்டுக்கே திரும்புகிறது. ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் அவருக்கும் கிடைக்கிறது. காரில் கண்ணுக்கும் விளக்குக்கும் உள்ள உயர வேறுபாடு குறைவு. லாரியிலும் பஸ்ஸிலும் ஓட்டுநர் தம் ஹெட்லைட்டைவிட ஒரு மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். திரும்பும் ஒளியின் பெரும்பகுதி அவர் காலடியில் போய்விடும். நம் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு மிகப் பெரிய ஆபத்தாக வரும் வண்டிக்குத்தான் ரிஃப்ளெக்டர் மிக மங்கலாகத் தெரிகிறது. சேறு படிந்தால் இன்னும் மோசம். வளைவில், ஹெட்லைட் சைக்கிள்மேல் விழும்வரை அது இல்லாததற்குச் சமம். பின்னால் வருவதன் ஒரு ஹெட்லைட் எரியவில்லை என்றால்? ரிஃப்ளெக்டரின் உயிர் பிறர் விளக்கில் இருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் பூட்டிய வண்டிகளுக்கானது. சைக்கிள் பின்விளக்குக்கு எத்தனை கேண்டெலா என்று அதில் தேடினால் கிடைக்காது. ஒரு காலத்தில் லைட் இல்லாமல் வந்த சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவதுண்டு. அந்தக் கெடுபிடியும் போய்விட்டது. அது திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடியுமுன் பால் கேனோடும் பூக்கூடையோடும் கிளம்புகிறவரிடமும், இரவுப்பணி முடிந்து வரும் காவலாளியிடமும் அபராதம் வாங்கி ஒரு உயிரையும் காப்பாற்ற முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். அவர்கள் வாங்காத விளக்கை அவர்கள் வாங்கும் வண்டியிலேயே பொருத்தித் தருவதுதான் அரசு செய்யக்கூடியது.

அதற்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2001 முதல் பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுத்துவருகிறது. வாங்குவது அரசு, வண்டியில் என்ன இருக்கவேண்டும் என்று டெண்டரில் எழுதுவதும் அரசு. கார்த்திகை, மார்கழியில் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும்போது இருட்டிவிடுகிறது. பேட்டரி விளக்கு கொடுத்தால் முதல் செல் தீர்ந்ததும் அது பெட்டிக்குப் போய்விடும். ஓடென்ஸேயில் கொடுத்ததுபோல் காந்தத்தால் எரிவதே பொருந்தும். செறிவு 4 முதல் 12 கேண்டெலாவுக்குள் இருந்தால் போதும். சீட்டுக்கு அடியில் மாட்டக்கூடாது. அங்கே புத்தகப் பை மறைக்கும், பாவாடையும் தாவணியும் மறைக்கும். ஜெர்மனியில் விற்கும் கேரியர்களின் பின்முனையில், 50 அல்லது 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகளோடு ஒரு தகடு இருக்கும்; எந்தக் கம்பெனி விளக்கும் அதில் பொருந்தும். நம் கேரியரில் சுருள்கம்பிக் கவ்வி இருக்கிறது, அந்தத் தகடு இல்லை. தகடு, துளைகளின் இடைவெளி, விளக்கின் மேல்வரம்பும் கீழ்வரம்பும், பெடலுக்கு மஞ்சள் ரிஃப்ளெக்டர்: டெண்டர் ஆவணத்தில் இவற்றுக்கு நாலு வரி சேர்த்தால் போதும்.